ஆறு வீடு, ஓர் இணைப்பு

மாதச் செலவு என்று நாம் எழுதிவைக்கும் எல்லாவற்றுக்கும் மாதம் உண்டு. பால், வாடகை, பள்ளி வாகனம், செய்தித்தாள், சீட்டுப் பணம். தமிழ்நாட்டில் மின்சாரத்துக்கு மட்டும் மாதம் கிடையாது. அது இரண்டு மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. சில வீடுகளுக்கு ஒற்றைப்படை மாதம், சில வீடுகளுக்கு இரட்டைப்படை மாதம். மாதச் சம்பளக்காரர் வீட்டில் ஒரு மாதம் மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்பதும், அடுத்த மாதம் அதற்கும் சேர்த்து இழுக்க வேண்டும் என்பதும் இந்த ஏற்பாட்டால் வந்த பழக்கங்கள்.

தக்காளி கிலோ என்ன விலை என்று கேட்டால் தெருவில் போகிற எவரும் சொல்வார். தங்கம் வாங்கும் வக்கில்லாதவருக்கும் அன்றைய பவுன் விலை தெரியும். ஒரு யூனிட் மின்சாரம் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் விழிப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் ‘எத்தனையாவது யூனிட்?’ என்ற எதிர்க் கேள்விதான். முதல் நூறு யூனிட்டுக்கு விலையே இல்லை. 2016 மே 23 அன்று ஜெயலலிதா ஆறாம் முறையாக முதல்வர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்ட முதல் கோப்புகளில் ஒன்று அது. அதற்குப் பிறகு படிக்கட்டு. ஏற ஏற விலை கூடும். கூடுவதோடு நிற்பதில்லை, சில படிகளில் கால் வைத்தால் ஏற்கெனவே ஏறிவந்த படிகளுக்கும் விலை மாறிவிடும்.

ஒரு சிறு கணக்கு. 2022 செப்டம்பருக்கு முன் இருந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1,130 ரூபாய். 501 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1,786 ரூபாய் 60 காசு. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 காசு! ஐந்நூறைத் தாண்டியவுடன் நீங்கள் வேறு சாதி ஆகிவிடுகிறீர்கள். இருநூறாவது யூனிட்டுக்குக் கொடுத்த சலுகையையும் பின்னால் போய்ப் பிடுங்கிக்கொள்வார்கள். 2022 செப்டம்பர் 10 முதல் வந்த கட்டண உயர்வில் இந்தப் பள்ளம் குறுகியது. 500 யூனிட்டுக்கு 1,725, 501 யூனிட்டுக்கு 1,958. எல்லோருக்கும் கூட்டிவிட்டதால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே இருந்த வித்தியாசம் குறைந்தது என்று இதைச் சொல்லலாம்.

மீட்டரில் எண் குறிப்பவர் எந்த நாளில் வருகிறார் என்பதும் இதனால் ஒரு பொருளாதாரப் பிரச்சினை ஆகிவிடுகிறது. நாளொன்றுக்கு எட்டு யூனிட் செலவாகும் வீட்டை எடுத்துக்கொள்வோம். அறுபதாம் நாள் அவர் வந்தால் 480. மூன்று நாள் தாமதித்து வந்தால் 504. பழைய கட்டணத்தில் முன்னதற்கு 1,070 ரூபாய், பின்னதற்கு 1,806 ரூபாய் 40 காசு. அவருக்கு வந்த காய்ச்சலுக்கோ, அவர் வீட்டுக் கல்யாணத்துக்கோ நாம் எழுநூற்று முப்பத்தாறு ரூபாய் மொய் எழுதியாக வேண்டும். இந்தக் குமுறலைப் புரிந்துகொண்டுதான் தி.மு.க. 2021 தேர்தல் அறிக்கையில் மாதந்தோறும் கணக்கெடுப்போம் என்று வாக்குறுதி தந்தது. ஆட்சிக்கு வந்த பின் நான்கு ஆண்டுகள் கடந்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பிறகு என்றார்கள். தியாகராய நகரில் சோதனையாகப் பொருத்தினார்கள். மாநிலம் முழுவதற்குமான ஒப்பந்தப்புள்ளியை விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்து செய்தார்கள். மாதக் கணக்கு வந்தால் இந்தப் படிக்கட்டையும் பாதியாக நறுக்குவார்களா, மாட்டார்களா என்பதை மட்டும் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நறுக்கினால் கோடையில் ஒரு மாதம் குளிர்சாதனத்தை ஓட்டி மறுமாதம் ஊருக்குப் போய்விடும் குடும்பத்துக்கு இப்போதிருக்கும் இரு மாதக் கணக்கே லாபம். கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

2020-இல் இன்னொரு கூத்து. ஊரடங்கில் எவரும் எண் குறிக்க வரவில்லை. முந்தைய முறை கட்டிய தொகையையே கட்டுங்கள் என்றார்கள். பிறகு நான்கு மாதத்தையும் சேர்த்து எடுத்து, யூனிட்டை இரண்டாகப் பிரித்து, முன்பு கட்டிய பணத்தைக் கழித்தார்கள். பணத்தையா கழிப்பது, அந்தப் பணத்துக்குரிய யூனிட்டை அல்லவா கழிக்க வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்டது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய்த் தள்ளுபடியானது. கணிதத்தில் கூட்டல் கழித்தலைத் தாண்டாத நம் மக்கள், எதை முதலில் கழிப்பது என்று திண்ணைதோறும் விவாதித்தது அந்த ஒரு வருடம்தான் என்று நினைக்கிறோம். அந்த ஜூலையில் எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. மின்கட்டணத்துக்காகக் கறுப்புக்கொடி ஏற்றியது. 2022-இல் கட்டணம் உயர்ந்தபோது அ.தி.மு.க. தெருவுக்கு வந்தது. கொடிகள் இடம் மாறின. மின் அட்டை அதே ஆணியில்தான் தொங்கியது.

ஆனால் இத்தனை கவலையும் சுவரில் சொந்தமாக ஓர் அட்டை தொங்குகிறவர்களின் கவலை. நாங்கள் எழுத வந்தது அது தொங்காத வீடுகளைப் பற்றி.

நாங்கள் என்றால் கணவனும் மனைவியுமாக இருவர்; இதை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். 2017 முதல் ஏழு ஆண்டுகள் கோயம்புத்தூரின் கிழக்கு எல்லையில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வெளியூர் வாசகர்களுக்காக: ஒரே கூரையின் கீழ், ஒரே திண்ணையைப் பார்த்து, தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல வரிசையாகக் கட்டிய வீடுகளைக் கொங்கு நாட்டில் லைன் வீடு என்பார்கள். எங்கள் லைனில் ஆறு வீடுகள். ஒவ்வொன்றும் ஒரு சமையலறையும் ஓர் அறையும். மின் வாரியத்தைப் பொறுத்தவரை அவை ஆறு வீடுகள் அல்ல, ஒரு வீடு. ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஓர் இணைப்பு. உள்ளே ஒவ்வொரு கதவுக்கும் மேலே ஒரு சின்ன மீட்டரை வீட்டுக்காரர் தாமே வாங்கிப் பொருத்தியிருந்தார். எலக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாமான் அது. அரசு முத்திரையோ வாரியத்தின் சீலோ அதற்குக் கிடையாது. சப்-மீட்டர் என்று அதற்குப் பெயர். நகரங்களில் வாடகைக்கு இருக்கும் எத்தனையோ பேருக்கு மின் வாரியம் என்பதே அந்தச் சின்னப் பெட்டிதான்.

நாங்கள் குடிபோனபோது யூனிட் ஆறு ரூபாய். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வருவார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருப்பார். ஒவ்வொரு கதவின் முன்பும் ஏறி, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, எண்ணை வாய்விட்டுப் படித்துக் குறித்துக்கொள்வார். அதில் ஒளிவுமறைவு கிடையாது.

அந்தப் பெட்டி உண்மை சொல்கிறதா என்ற சந்தேகம் லைனில் எல்லோருக்கும் இருந்தது. வேகமாக ஓடும் மீட்டரைத் தேடி வாங்கி வந்திருக்கிறார் என்று மூன்றாம் வீட்டில் பேச்சு. நாங்கள் சோதித்துப் பார்த்தோம். இதைச் செய்ய எந்தப் படிப்பும் வேண்டாம். மின்னணு மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு எரியும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை எரிய வேண்டும் என்பதைப் பெட்டியின் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். எங்களுடையதில் 3200. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் போட்டு மூன்று நிமிடம் எண்ணினால் பதினாறு முறை மின்ன வேண்டும். ஒருவர் கடிகாரத்தைப் பார்க்க, ஒருவர் எண்ண, பதினாறு வந்தது. மறுபடியும் எண்ணினோம். பதினாறுதான். ஆறு வீட்டிலும் அதே பல்பைத் தூக்கிக்கொண்டுபோய் எண்ணியதில் ஒன்று, இரண்டு முன்பின் இருந்ததே தவிரப் பழுதில்லை. அளவு நேர்மையாக இருந்தது. (பழைய சக்கர மீட்டரில் அலுமினியத் தட்டு சுற்றுவதைப் பார்ப்பதில் இருந்த சுவை இந்தப் புள்ளியில் இல்லை. அந்தத் தட்டின் விளிம்பில் உள்ள கறுப்புக் கோடு வரும்வரை காத்திருந்த பிள்ளைப்பருவம் எங்கள் இருவருக்கும் உண்டு.)

சோதனையில் வேறு சில செய்திகள் தெரியவந்தன. தொலைக்காட்சியை ரிமோட்டில் அணைத்த பின்னும் செட்டாப் பாக்ஸ் விழித்துக்கொண்டிருக்கிறது. பத்து வாட் இழுக்கும் பெட்டி இரவு பகலாக இரண்டு மாதம் கிடந்தால் பதினான்கு யூனிட்டுக்கு மேல். பழைய மின்விசிறி எழுபத்தைந்து வாட். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுற்றினால் இரு மாதத்தில் 54 யூனிட். இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறி ஏறக்குறைய முப்பது வாட்டில் அதே காற்றைத் தருகிறது. 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். மூவாயிரம் ரூபாய்ச் சாமான். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் கொடுப்பவருக்கு இரண்டே வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். நூறு யூனிட்டுக்குள் சொந்த இணைப்பில் வாழ்பவருக்கு அது ஒருநாளும் திரும்பாது, மிச்சமாகும் யூனிட்டுக்கு விலையே இல்லையே. சிக்கனத்துக்கான புதிய கருவி யாருக்கு லாபம் என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை, கட்டண அட்டவணை தீர்மானிக்கிறது. விளம்பரங்களில் இது இருக்காது.

2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்த மறுவாரமே வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்றார். அன்றிரவு நாங்கள் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். அந்த முறை ஆறு வீடுகளின் அளவு: 40, 90, 110, 130, 150, 180. மொத்தம் 700. வாரியம் இதை ஒரே வீடாகப் பார்ப்பதால், புதிய கட்டணப்படி வீட்டுக்காரர் கட்ட வேண்டியது 3,650 ரூபாய். பழைய கட்டணத்தில் 3,100. அவருக்கு உயர்வு 550. எங்கள் ஆறு வீட்டிலும் அவர் வாங்கியது பழைய வீதத்தில் 4,200, புதிய வீதத்தில் 5,600. எங்களுக்கு உயர்வு 1,400. அவ்வளவில் நின்றிருந்தால் இது வீட்டுக்காரர், குடித்தனக்காரர் தகராறுகளில் ஒன்றாகப் போயிருக்கும். அடுத்த வரியையும் போட்டோம். ஆறு வீட்டுக்கும் ஆறு இணைப்பு இருந்தால் என்னவாகும்? முதல் இரண்டு வீட்டுக்கு ஒன்றுமில்லை. மற்றவற்றுக்கு 22.50, 67.50, 112.50, 180. ஆக மொத்தம் 382 ரூபாய் 50 காசு.

அதே ஆறு குடும்பம், அதே எழுநூறு யூனிட். அரசின் சட்டம் இவர்களிடம் கேட்க நினைத்தது 382. அரசின் பெட்டி கேட்டது 3,650. இவர்கள் கொடுத்தது 5,600. காகிதத்தில் இந்த மூன்று எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியதும் எங்களுக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை.

நாற்பது யூனிட் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். லைனின் கடைசி வீடு. அதில் எழுபது வயதைக் கடந்த அம்மாள் ஒருவர் தனியாக இருந்தார். அம்மாவைப் பெற்றவளைக் கொங்கு நாட்டில் அமுச்சி என்பார்கள். லைனின் பிள்ளைகள் அனைவருக்கும் அவர் அமுச்சி, ஆகவே எங்களுக்கும். மில்லில் நூல் சுற்றியவர். முதியோர் உதவித்தொகையும் மகள் அனுப்பும் சிறு தொகையும் வருமானம். வீட்டில் ஒரு குழல்விளக்கு, ஒரு கலர் டிவி, ஒரு மேசை விசிறி, ஒரு மிக்சி. டிவி 2006 செப்டம்பர் 15 அன்று கருணாநிதி தொடங்கிய திட்டத்தில் வந்தது. விசிறியும் மிக்சியும் 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கிய திட்டத்தில் வந்தவை. கிரைண்டரை மகளுக்குக் கொடுத்துவிட்டார். (மகளிர் உரிமைத் தொகையும் 2023-இல் அதே செப்டம்பர் 15-இல்தான் தொடங்கியது. அண்ணா பிறந்தநாளுக்கு நம் ஊரில் வேறு எந்தத் தலைவரின் பிறந்தநாளுக்கும் இல்லாத பொருளாதார முக்கியத்துவம் உண்டு.) விசிறி கைக்கு வந்த புதிதில் அதைச் சுற்றவைக்க மின்சாரம் இல்லை என்று அமுச்சி சிரிப்பார். 2012-இன் பிற்பகுதி அது. சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு, எங்கள் பக்கம் நாளில் பாதிக்கும் மேல் வெட்டு. பட்டறைகளும் பவுண்டரிகளும் இரவில் கரண்ட் வரும் நேரம் பார்த்து ஆட்களை எழுப்பி வேலை வாங்கிய காலம்.

அந்த வெட்டு முடிந்து, மின்சாரம் தாராளமாகி, நூறு யூனிட் இலவசமும் வந்த பிறகு, அமுச்சியின் இலவச விசிறி யூனிட்டுக்கு எட்டு ரூபாயில் சுற்றியது. நாற்பது யூனிட்டுக்கு 320 ரூபாய். நகரின் பெரிய பங்களாவில் ஆயிரம் யூனிட் செலவழிப்பவருக்கும் முதல் நூறு இலவசம். அவர் கொடுக்கும் சராசரி எட்டு ரூபாய்க்கும் குறைவு. இந்தத் திட்டம் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதோ அவருக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. போகும் வழியில் ஒரு கதவு இருந்தது, அந்தக் கதவின் சாவி வேறொருவரிடம் இருந்தது.

வீட்டுக்காரரை வில்லனாக எழுதிவிடுவது எளிது. அவரும் மில் தொழிலாளிதான். 1930-களில் பைக்காராவின் புனல்மின்சாரம் வந்த பிறகு கோவையில் பெருகிய மில்களில் ஒன்றில் முப்பது ஆண்டுகள் இருந்தவர். மில் மூடியபோது கைக்கு வந்த பணத்தில் இந்த லைனைக் கட்டினார். அவருக்கு ஓய்வூதியம் என்பதே இந்த ஆறு கதவுகள்தாம். கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு நாங்கள் போனபோது கோபப்படாமல் முழுக்கப் படித்தார்.

“எல்லாஞ் செரிங்க. மோட்டாருக்கு யார் குடுக்கறாங்க? அது எங்க வீட்டுச் சர்வீசுல ஓடுது. படியில எரியற லைட்டு? அபார்ட்மெண்டுல மோட்டாருக்கும் லைட்டுக்கும் கவர்மெண்டே எட்டு ரூபாதான வாங்குது? பேப்பர்ல போட்டிருக்குதே.”

போட்டிருந்தது உண்மை. அடுக்ககங்களின் பொதுப் பயன்பாட்டுக்கு 2022-இல் தனிக் கட்டணம் வகுத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வைத்தார்கள். அது மாடிப்படி விளக்குக்கு, அமுச்சியின் விசிறிக்கு அல்ல என்று நாங்கள் சொன்னோம். (2023 அக்டோபரில் சிறிய அடுக்ககங்களுக்கு அதை ஐந்து ரூபாய் ஐம்பது காசாகக் குறைத்த செய்தியும் பேப்பரில் வந்தது. அன்றைக்கு அவர் பேப்பர் படிக்கவில்லைபோலும்.)

ஆறு கதவுக்கும் தனித்தனி இணைப்பு வாங்கிக் கொடுத்துவிடுங்கள், வைப்புத்தொகையை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்றோம். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். கட்டடத்துக்கு வாங்கிய அனுமதி இரண்டு வீட்டுக்கு, கட்டியது ஆறு. இணைப்பு கேட்டால் காகிதம் கேட்பார்கள். காகிதம் கொடுத்தால் மாநகராட்சி ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வரி எண் போடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அந்த நவம்பரில் வந்து சேர்ந்தது. மின் இணைப்போடு ஆதார் எண்ணை இணைக்கச் சொன்னார்கள். குடியிருப்பவரின் ஆதாரையும் இணைக்கலாம் என்றதும் ஊரிலுள்ள வீட்டுக்காரர்களுக்கெல்லாம் தூக்கம் போனது. மின் இணைப்பில் ஆதார், பிறகு வாக்காளர் அட்டையில் இந்த முகவரி, பிறகு வீடே எங்களுடையது என்பார்கள் என்று ஒரு வதந்தி டீக்கடைகளில் சுற்றியது. இலவச நூறு யூனிட்டைப் பறிக்கத்தான் இது என்று இன்னொரு வதந்தி. அமைச்சர் திரும்பத் திரும்ப மறுக்க வேண்டியிருந்தது. கெடு நீண்டு நீண்டு 2023 பிப்ரவரி 28-இல் முடிந்தது. எங்கள் வீட்டுக்காரர் முதல் வாரத்திலேயே தம்முடைய ஆதாரை இணைத்துவிட்டார். ஆறு குடும்பம் அதன்பின் அரசின் கணினியில் ஒரு மனிதர்.

வாடகைச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், மின்சாரம் தண்ணீர் போன்றவற்றை வீட்டுக்காரர் வெட்டக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. லைன் வீட்டில் ஒப்பந்தம் என்பது அட்வான்ஸ் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்வதுதான்.

மின்சாரத்துக்காகப் போராடத் தெரியாத ஊர் அல்ல இது. 1970-இல் பம்புசெட் மின்கட்டணத்தை எதிர்த்துக் கோவை வட்டார விவசாயிகள் கிளர்ந்தார்கள்; அந்த ஜூனில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் மூன்று பேர் மாண்டார்கள். காசுகளில் எண்ணிய உயர்வுக்காக. 1972-இல் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோயம்புத்தூர்ச் சாலைகளை அடைத்தார்கள். 1984-இல் எம்.ஜி.ஆர். சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் கருணாநிதி எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரத்தை இலவசமாக்கியதன் வேர் அங்கே இருக்கிறது. விவசாயிக்குக் கிணறும் பம்புசெட்டும் இணைப்பு எண்ணும் இருந்தன, சங்கம் சேர முடிந்தது. குடித்தனக்காரனுக்கு எண் இல்லை. அவனுடைய மின் வாரியம் மாடியில் குடியிருக்கிறது, காலையில் கோலம் போடும்போது எதிரே வருகிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வண்டி எடுத்துக்கொண்டு கூடவே ஆஸ்பத்திரிக்கு வருகிறது. அதன் முன் கறுப்புக்கொடி ஏற்றுவது எப்படி?

தண்ணீர்ப் பஞ்சத்துக்கு அசோகமித்திரன் ‘தண்ணீர்’ எழுதினார். சப்-மீட்டருக்கு யாராவது எழுதலாம்.

எங்கள் பேச்சுக்குப் பலனே இல்லாமல் போகவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலுடன் வந்த வீட்டுக்காரர் ஐந்து கதவோடு நிறுத்திக்கொண்டார். கடைசிக் கதவின் முன் ஸ்டூலை வைக்கவில்லை.

“அந்தம்மாவுக்கு வேண்டாமுங்க. இனி நான் பாக்கறதில்ல. உட்டுருங்க.”

எங்களுக்கு மகிழ்ச்சிதான். மற்ற ஐந்து வீட்டுக்கும் எட்டு ரூபாய் அப்படியே நின்றது என்றாலும், யாருக்கு வேண்டுமோ அவருக்குக் கிடைத்ததே என்று நினைத்தோம். அமுச்சியிடம் சொன்னோம். அவர் முகம் மலரவில்லை.

“நான் அவருகிட்டக் கேட்டனா கண்ணு? நீங்க போயி எனக்காகக் கேட்டீங்களா?”

இல்லை, எல்லோருக்காகவும் கேட்டோம், சட்டப்படி உங்களுக்கு நூறு யூனிட் சும்மாதான் என்று விளக்கினோம். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “கவர்மெண்டு குடுத்தா வாங்கிக்கலாஞ் சாமி. ஊருக்கே குடுக்குது, எனக்கும் குடுக்குது. டிவி குடுத்துச்சு, வாங்கல? இவரு குடுத்தா அது ஓசியில்ல?”

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இலவசங்களைப் பற்றி நாளிதழ்களின் நடுப்பக்கங்களில் எத்தனையோ பொருளாதார அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். மக்களைச் சோம்பேறியாக்கும், சுயமரியாதையைக் கெடுக்கும் என்பார்கள். வாங்குகிறவர் மனத்தில் ஒரு தராசு இருக்கிறது, அதில் இரண்டு தட்டு இருக்கிறது என்பதை அவர்களில் எவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. எல்லோருக்கும் என்று சட்டம் போட்டு வருவதை அமுச்சி நிமிர்ந்து நின்று வரிசையில் வாங்கினார். அதே நூறு யூனிட் ஒரு மனிதரின் கைவழியாக, அவருடைய நல்ல மனத்தின் வழியாக வந்தபோது அவருக்குக் கூசியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்காரர் ஐந்தாம் கதவோடு இறங்கிப் போன பிறகு, மாடிப்படி ஏறி நூறு ரூபாயை அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டு வரத் தொடங்கினார். 320-இலிருந்து நூறு. லாபம்தானே என்று மூன்றாம் வீட்டில் சொன்னார்கள். விசிறியின் வேகத்தை மூன்றிலிருந்து இரண்டுக்கு அவர் குறைத்துவிட்டிருந்ததை நாங்கள் கவனித்தோம். மேசை விசிறியில் எண் குறைந்தால் மின்சாரமும் கொஞ்சம் குறையும். அவருக்கு அது தெரிந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

2024 தொடக்கத்தில் மகள் வந்து அவரைப் பல்லடத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். டிவியை எங்களிடம் விட்டுவிட்டு விசிறியை எடுத்துக்கொண்டார். அந்த வீட்டுக்கு ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் நால்வர் குடிவந்தார்கள். பக்கத்துப் பவுண்டரியில் வேலை. இண்டக்ஷன் அடுப்பில் சமைப்பதால் முதல் முறையே 210 யூனிட் காட்டியது. அவர்களுக்கு வீட்டுக்காரர் சொல்லியிருந்த வீதம் பத்து ரூபாய். எங்களுக்கு எட்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. இங்கே அவர்களுக்கு வாக்கு கிடையாது. நூறு யூனிட் இலவசம் என்று ஒரு சட்டம் இந்த மாநிலத்தில் இருப்பதை அவர்களிடம் யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்வதற்கு முந்தைய வாரம், அவர்களில் சற்றுத் தமிழ் பேசுகிற பையன் எங்கள் கதவைத் தட்டி, மீட்டர் வேகமாக ஓடுகிறது அண்ணா, பாருங்கள் என்றான். பழைய குண்டு பல்பைப் பரணிலிருந்து எடுத்துக்கொண்டு போனோம். எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி, இருட்டில் அவன் கைக்கடிகாரத்தைப் பார்க்க, மூன்று நிமிடம் எண்ணினோம். பதினாறு. மீட்டர் சரிதான் தம்பி என்றோம். பிறகு, மற்ற வீடுகளில் யூனிட் எவ்வளவு என்பதையும் சொன்னோம்.